எந்திரக் கை மேல் பொறாமைப்பட்ட நாட்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து இப்போது நன்றாக இருக்கிறேன். குனிந்து வாசலில் கோலம் போட முடிகிறது. குடம் தூக்குவது மட்டும் இன்னும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் போத்தனூர் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் பெண்கள் சிலருக்கு இதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களாம். "எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்கக்கா, படிச்சா தைரியமா இருக்கும்" என்று கேட்டார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். மகள் பிரியா எழுத்துப் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். மாரியாத்தாளை நினைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் வலி இருந்தது, பயம் இருந்தது. ஆனால் இரண்டையும் விட என்னை அதிகம் படுத்தியது பொறாமைதான். அதுவும் ஒரு எந்திரத்தின் மேல்.

முதலில் நோவைப் பற்றிச் சொல்கிறேன். மாதவிலக்கு வந்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வயது ஆகிறது, தானாக நின்றுவிடும் என்று தள்ளிப்போட்டேன். பெண்கள் எல்லோரும் இப்படித்தான் தள்ளிப்போடுகிறோம். எனக்கு அதில் பெரிய வேதனை எது தெரியுமா? மாதத்தில் பாதி நாள் பூஜை அறைக்குள் போக முடியவில்லை. பிரியாதான் விளக்கு ஏற்றினாள். நான் சமையலறை நிலையில் நின்றபடி எட்டிப் பார்ப்பேன். திரியைச் சரியாகத் திரித்தாளா, ஆத்தாளுக்குச் செவ்வரளி வைத்தாளா என்று பார்ப்பேன். அவள் நன்றாகத்தான் செய்தாள். நன்றாகச் செய்கிறாளே என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. என் ஆத்தாள் என்னை விட்டுவிட்டு அவளிடம் பழகிவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். சுபாவத்திலேயே எனக்கு அப்படிக் கொஞ்சம் உண்டு.

ஒரு நாள் துணி காயப்போடும்போது கண் இருட்டிக்கொண்டு விழுந்தேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நாங்கள் போனது என் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிதான். அவர் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவில் வெகு காலமாக இருக்கிறார். ஒரு ஆபரேஷன் முடிந்ததும் சாமான்கள் அழுக்கோடு கீழ்த்தளத்துக்கு வரும். அங்கே கழுவுவார்கள். கழுவியதை விளக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தந்த ஆபரேஷனுக்கு வேண்டியபடி ஒரு பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியை மூடி, பெரிய அண்டா போன்ற எந்திரத்துக்குள் வைத்து, அழுத்தமான நீராவியில் வேக வைப்பார்கள். அதில் கிருமி எல்லாம் செத்துப்போகும். நாம் இட்லி அவிப்பது போலத்தான், ஆனால் சூடு பல மடங்கு. வெந்து வந்த பெட்டியைத் தியேட்டரில் திறக்கும் வரை யாரும் திறக்கக் கூடாது.

அந்தப் பிரிவுக்குத்தான் போன வருஷம் எந்திரக் கை ஒன்று வந்தது. கோபாட் என்று சொல்கிறார்கள். தொழிற்சாலைகளில் கூண்டுக்குள் நிற்கும் முரட்டு எந்திரம் மாதிரி இல்லை இது. மனிதர்களோடு சேர்ந்து ஒரே மேஜையில் வேலை செய்கிற வகை. யார் மேலாவது லேசாகப் பட்டால்கூட அப்படியே நின்றுவிடுமாம். கழுவிய சாமான்களைப் பெட்டியில் அடுக்கும், வெந்து வந்த கனமான பெட்டிகளைத் தூக்கி அலமாரியில் வைக்கும். கம்பெனிக்காரர்கள் அதற்கு எண்ணும் எழுத்துமாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை "அம்மணி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் என்னை அம்மணி என்று கூப்பிட்ட மனிதர் இவர். பிரியா பிறந்த பிறகு அது "புள்ள" ஆனது. அப்புறம் "இந்தா" ஆனது. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் வாயில் அம்மணி, அம்மணி.

"இன்னிக்கு அம்மணி ஒரு தட்டக்கூடத் தப்பா வெக்கல, தெரியுமா?"

"சாப்புடுங்க மொதல்ல."

"இல்ல புள்ள, பொடி இடுக்கி இருக்குதுல்ல, நகக்கணு மாதிரி, அதைக்கூட என்ன பதனமா, பூ மாதிரி எடுக்குதுங்கற!"

நான் தட்டில் ரசத்தை ஊற்றுவேன். பதனமாக இல்லாமல்.

இன்னொன்றும் உண்டு. கனமான பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு வலது தோள் எப்போதும் வலிக்கும். சாயங்காலம் பொழுதோடு வந்ததும் தைலம் போட்டுத் தேய்த்துவிடுவேன். ஊர்க்கதை, பிரியாவின் படிப்பு, ஒறம்பரைச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், எல்லாம் பேசுவது அந்த நேரத்தில்தான். எந்திரக் கை வந்த பிறகு தோள் வலி போய்விட்டது. தைலப் பாட்டில் அப்படியே இருந்தது. வலி போனதற்கு ஆத்தாளுக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான். சொல்ல வாய் வரவில்லை.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். ஸ்கேன் எடுக்க வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வேண்டும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் கால் மாற்றி மாற்றி நெளிந்துகொண்டிருந்தார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கட்டிகள் தெரிந்தன. பைப்ராய்டு என்று பெயர். கர்ப்பப்பையின் சதையிலேயே வளர்கிற கட்டி. பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் உள்சுவரிலிருந்து துளி சதை சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வரும் வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிரியா கல்லூரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கேட்காமலே மாவு ஆட்டி வைத்தாள். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ரத்தம் ஏற்றி, உடம்பைத் தேற்றி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்றார்கள். செலவைப் பற்றிக் கவலை இருந்தது. ஊழியர் குடும்பம் என்று ஆஸ்பத்திரியிலேயே குறைத்துக் கொடுத்தார்கள். அதனால் நகை பெட்டியிலேயே இருந்தது.

ஆபரேஷன் என்றதும் எனக்கு என் அக்கா ஞாபகம்தான் வந்தது. பெருந்துறைப் பக்கம் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். தையல் போட்ட இடம் ஆறவில்லை. சீழ் பிடித்தது. மறுபடி திறந்து, மறுபடி தைத்து, மாதக்கணக்கில் படுக்கை. பிழைத்தது மறுபிறப்பு. அப்போது அவளைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "சாமான் சுத்தமா இருந்திருந்தா இந்தப் பாடு வந்திருக்காது. நான் அடுக்குன பெட்டியில இப்படி ஒரு பேச்சு வந்ததில்ல கோமதி."

அந்த வார்த்தையை நான் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு நாள் கத்தி வைத்தால், அது இவர் கைபட்ட கத்தியாக இருக்கும் என்று.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் பூ கேட்போம். சாமி சிலையின் மேல் பூவை வைத்துவிட்டு, மனதில் கேள்வியை நினைத்துக் காத்திருப்பது. வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். நான் கோயிலுக்குப் போக முடியாத நிலை. அக்காவே எனக்காக ஊர் மாரியாத்தாளிடம் போய்க் கேட்டாள். அந்த வயிற்றுத் தழும்போடு, வெயிலில் நின்று. போன் வந்தது.

"வலப்பக்கம் குடுத்துட்டா கோமதி. டப்புனு விழுந்துச்சு. போ, தைரியமா பண்ணிக்க."

"அவிய கையில பெட்டி அடுக்கறதப் பத்திக் கேட்டியாக்கா?"

"அதெல்லாம் ஆத்தாகிட்ட எப்படிடி கேக்கறது? ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு கேட்டேன், ஆமான்னா. மத்ததை உன்ற ஊட்டுக்காரர்கிட்ட நீ கேளு."

வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் சரசக்கா. பல்லடத்துக்காரர், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கர்ப்பப்பை இறக்கம். வாய் ஓயாது. ரத்தம் ஏற்ற ஊசி குத்தியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தன் படுக்கையிலிருந்தே எனக்காக நர்ஸைத் திட்டினார். முதல் நாளே என் வாயைக் கிளறி அம்மணி கதையை வாங்கிவிட்டார்.

"அட, உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளயே சக்களத்தியா!" என்று சிரித்தார். "எனக்கு அந்தக் கோழிகதான் சக்களத்தி. ஒண்ணா ரெண்டா? செட்டு செட்டா. ஒரு கோழி தலையத் தொங்கப்போட்டா மனுசன் சோறு திங்கமாட்டாரு. நான் இங்க வந்து படுத்துக் கெடக்கறேன், வந்து எட்டிப் பாத்தாரா?"

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வார்டுக்கு வரத் தாமதமானால், "சக்களத்தி அவரை உடலீங்களாட்ட இருக்குது" என்பார். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

மறுநாள் நெஞ்சுப் படம் எடுக்க சக்கர நாற்காலியில் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நடைபாதையில் ஓர் இடத்தில் சுவருக்குப் பதில் கண்ணாடி. உள்ளே பளிச்சென்று வெளிச்சம். "இதானுங்க உங்க ஊட்டுக்காரரு எடம்" என்றார் தள்ளிக்கொண்டு வந்த அம்மா. நிறுத்தச் சொன்னேன்.

தலையில் தொப்பி, வாயில் துணி, கையில் உறை. ஆனாலும் நிற்கும் தோரணையில் எனக்குத் தெரியும், அவர்தான். எதிரே அந்த எந்திரக் கை. வெள்ளையாக, வழவழவென்று, மனிதக் கை மாதிரியே மடங்கி. அவர் அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்து மெல்ல நகர்த்தினார். தட்டுக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார், தாழ்த்தினார், மறுபடி தூக்கிப் பெட்டிக்குக் கொண்டுவந்தார். அவசரமே இல்லை. அது அவர் இழுத்த இழுப்புக்கு வந்தது. அதற்குப் பாடம் சொல்லித் தருவது அப்படித்தானாம். கையைப் பிடித்து ஒரு தரம் வழி காட்டினால், அப்புறம் தானாகவே அந்த வழியில் போகும். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயில் நோம்பிக் கூட்டத்தில் நசுங்கினாலும் என் கையைப் பிடிக்கக் கூச்சப்படுகிற மனிதர், நாலு பேர் பார்க்க அதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் வார்டில் படுத்து நாள் கடந்துவிட்டது. என் நெற்றியைக்கூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

"போலாமுங்க" என்றேன். படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பொழுதோடு கேரியரோடு வந்தார். பிரியா செய்த அரிசிம் பருப்பு சாதம். மூடியைத் திறக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

"என்ற பெட்டிய நீங்கதான் அடுக்கோணும்."

"எந்தப் பெட்டி?"

"என்ற வயித்துல வெக்கற சாமான் இருக்கற பெட்டி."

"அதை அம்மணி பாத்துக்கும் புள்ள. பெரிய பெட்டி எல்லாம் இப்ப அதுதான்."

"எனக்கு நீங்க அடுக்குனாப் போதும்."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பொறுமையாகத்தான் சொன்னார். "என்னைய விட அது சுத்தமாப் பண்ணும் கோமதி. எனக்குத் தும்மல் வரும். தோள் நோவும். நெனப்பு எங்கயோ போகும். அதுக்கு ஒண்ணும் கெடையாது. ஒரே மாதிரி செய்யும்."

"நெனப்பே இல்லாத கை எனக்கு வேண்டாமுங்க."

"இதென்ன சின்னப்புள்ளையாட்ட?"

"அக்கா கெடந்த கெடை உங்களுக்கு மறந்துபோச்சா? நான் அடுக்குன பெட்டியில பேச்சு வந்ததில்லைன்னு சொன்னது ஆரு? அதெல்லாம் ஊரார் வயித்துக்கு. என்ற வயித்துக்கு அம்மணி. ஏனுங்க, அவகிட்ட என்னத்தைக் கண்டீங்க?"

அக்கட்டால், பக்கத்துப் படுக்கையில் சரசக்கா இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போனது. "அது எந்திரம் கோமதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேரியரை இரண்டு பேரும் திறக்கவில்லை. சரசக்கா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க புள்ளைக்குக் கைமணம்" என்றார்.

நான் பிடித்த பிடியில் நின்றேன். காலையில் டாக்டரம்மா வந்தபோது, பெட்டியை என் வீட்டுக்காரர் அடுக்கினால்தான் தியேட்டருக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"யாரு அடுக்கினாலும் ஆவியில வெந்துதாம்மா வரும். வெந்ததுக்கு அடையாளமா பெட்டி மேல ஒட்டுற பட்டையில கறுப்புக் கோடு விழும். அதைப் பாத்துட்டுத்தான் நாங்க திறப்போம். கோடு இல்லாட்டி தொடமாட்டோம். பயப்படாதீங்க."

"பயத்துக்குச் சொல்லலீங்க."

"பின்ன?"

என்னத்தைச் சொல்வது? படித்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் கல்யாணமானவர்தான். "சரி, கீழ சொல்லிப் பார்க்கறேன்" என்றார். மதியம் நர்ஸ் வந்து, அந்தப் பிரிவின் பொறுப்பாளர் ஜெசிந்தா சம்மதித்துவிட்டார், என் பெட்டியை என் வீட்டுக்காரரே அடுக்கலாம் என்று சொன்னார். எனக்குப் பாதி நோவு அப்போதே போனது.

ஆபரேஷன் அன்று விடியும் முன்பே எழுப்பிக் குளிக்கச் சொன்னார்கள். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். திருநீற்றை மட்டும் துடைக்கச் சொன்னார்கள். மனதுக்குள் பூசிக்கொண்டேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இறால் மாதிரி வளைந்து உட்காரச் சொல்வார்கள், அசையக் கூடாது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே கால்கள் யாருடையவோ போல ஆகிவிடும். வலி தெரியாது. ஆனால் யாரோ வயிற்றுக்குள் துணி மடிப்பது போல ஓர் அசைவு தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சாமான்கள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டன. அது என் வீட்டுக்காரர் அடுக்கிய பெட்டி. ஒவ்வொரு இடுக்கியும் அவர் விரல் பட்டு வந்தது. தூங்குகிற மருந்து ஏறும்போது நான் நிம்மதியாக இருந்தேன். சிரித்தேன் என்றுகூட நர்ஸ் பிறகு சொன்னார்.

அப்புறம் வந்த நாட்கள் சிரமம்தான். மறைக்காமல் சொல்கிறேன். சிறுநீருக்குக் குழாய் போட்டிருப்பார்கள். திரும்பிப் படுத்தால் தையல் இழுக்கும். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இருமுங்கள், அது உதவும். எழுந்து நடக்கச் சொல்லி விரட்டுவார்கள். கேட்டு நடந்துவிடுங்கள். வயிற்றில் வாயு பிரிந்தால்தான் கஞ்சி தருவார்கள். எனக்கு அது ஆனபோது சரசக்கா வார்டு முழுக்கக் கேட்க, "ஆச்சுங்க, கோமதிக்கு ஆச்சு! கஞ்சி கொண்டாங்க!" என்று கத்தினார். வெட்கம் எல்லாம் அங்கே எடுபடாது.

ஒவ்வொரு நாளும் கட்டுப் பிரிக்கும்போது நர்ஸின் முகத்தையே பார்ப்பேன். "காயம் சுத்தமா இருக்குதுக்கா" என்பார். சிவப்பு இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்ததிலும் கெட்டது எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. பூ கொடுத்த ஆத்தாள் கைவிடவில்லை. நான் சரசக்காவிடம் சொல்லிக்கொண்டேன், ஒரு தரம் அல்ல, பல தரம். "எங்க ஊட்டுக்காரரு அடுக்குன பெட்டீங்க. அவிய கை அப்படி. எந்திரம் எல்லாம் பக்கத்துல வரமுடியாது."

என் வீட்டுக்காரர் வருவார், தலையணையைச் சரிசெய்வார், சாத்துக்குடி பிழிவார். பெட்டிப் பேச்சை எடுத்தால் மட்டும் ஜன்னலைப் பார்ப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முந்தின நாள், ஜெசிந்தா என்னைப் பார்க்க வந்தார். என்னை விடச் சின்னவர். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு, "காயம் எப்படி இருக்குதுங்கக்கா?" என்றார்.

"அவிய கைராசி. ஜம்முனு ஆறிப்போச்சு. நீங்க சம்மதிச்சதுக்கு உங்களுக்கும் புண்ணியம்."

ஜெசிந்தா முழித்தார். "அண்ணன் உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"என்னத்த?"

"ஐயோ, நான் வேற வாய உட்டுட்டேனா?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். சரசக்கா படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "சொல்லீருங்க கண்ணு, பாதியில உட்டா எங்களுக்குத் தூக்கம் வராது."

"உங்க பெட்டிய அம்மணிதாங்கக்கா அடுக்குச்சு."

எனக்குத் தையல் போட்ட இடத்தில் யாரோ குத்தியது போல் இருந்தது. அத்தனை நாளும் ஊருக்கெல்லாம் சொன்னேனே. கடைசியில் அவள்தானா? என் வயிற்றுக்குள்ளும் அவள்தானா?

"அண்ணன்தான் ஆரம்பிச்சாருங்க" என்றார் ஜெசிந்தா அவசரமாக. "அன்னிக்கு நான் பக்கத்துலயே இருந்தேன். கழுவி வந்த தட்டு முன்னால நின்னாரு. மொதல்ல ஒரு கத்திரிய எடுத்தாரு. வெளிச்சத்துல பாத்தாரு. அப்புறம் என்ன பண்ணுனாருன்னு நெனைக்கறீங்க? அதைக் கொண்டுபோயி கண்ணுல ஒத்திக்கிட்டாரு!"

"கண்ணுலயா?"

"ரெண்டு கண்ணுலயும். நாம தொழில் ஆரம்பிக்கறப்ப சாமானைத் தொட்டுக் கும்புடுவமில்ல, அப்படி. எங்க எடத்துல மூஞ்சியத் தொட்டாலே குத்தம். கழுவுன கத்திரியக் கண்ணுல வெச்சா? நான் 'அண்ணா!'ன்னு கத்திப்போட்டேன். அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. அப்படியே நின்னுபோட்டாரு. மொத்தத் தட்டையும் மறுபடி கழுவ அனுப்பிச்சோம். புதுசா சேர்ந்த பசங்களுக்கு நடத்தற சுத்தப் பாட வகுப்புல இப்ப அண்ணனையும் உட்கார வெச்சிருக்கறேன். ரூல்ஸுங்க, நான் என்ன பண்ணட்டும்? இத்தனை வருஷத்துல எத்தனை பெட்டி அடுக்கியிருப்பாரு. ஒரு நாளும் இப்படிப் பண்ணுனதில்லீங்கக்கா. கழுவி வந்ததும் அம்மணியவே அடுக்கச் சொல்லிட்டு, அது ஆவிக்குள்ள போற வரைக்கும் கையக் கட்டீட்டு அங்கயே நின்னாரு."

ஜெசிந்தா போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

பொழுதோடு என் வீட்டுக்காரர் வந்தார். கேரியரைத் திறந்து, தட்டில் இட்லியை வைத்து, எனக்கு வாகாகப் பிட்டுக் கொடுத்தார்.

"கண்ணுல ஒத்திக்கிட்டீங்களாமா?"

பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ஜெசிந்தா சொல்லிப்போட்டாளா?"

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ சந்தோஷமாச் சொல்லீட்டு இருந்த. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத கையில வந்தது கத்திரி. இது கோமதி வயித்துக்குள்ள போறதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அவ்வளவுதான். கை தானா மேல போயிருச்சு."

"சரி. மறுக்காக் கழுவி வந்துச்சில்ல? அப்பவாவது நீங்களே அடுக்கியிருக்கலாமில்ல?"

"எடுத்துப் பாத்தேன். முடியல."

"ஏன்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்துப் படுக்கை, எதிர்ப் படுக்கை, மருந்து வண்டி தள்ளி வந்த நர்ஸ், எல்லோரும் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"மறுக்கா எடுத்தாலும் மறுக்காக் கண்ணுல ஒத்திக்குவேன்னு தெரிஞ்சுபோச்சு கோமதி. அதான் அதுகிட்டக் குடுத்துட்டேன்."

அவர் கையிலிருந்த இட்லியை வாங்கிச் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன். அவர்தான் சட்னியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அவர் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும், சரசக்கா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். பல்லடத்துக்குத்தான் பேசினார். எடுத்த எடுப்பில், "ஏனுங்க, நானும் இங்க வந்து எத்தனை நாளாச்சு, கோழி கோழின்னே கெடக்கறீங்களே, உங்களுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று ஆரம்பித்தார். மறுமுனையில் அந்த மனிதர் என்னவோ கேட்டார். "ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகல. அதான் கேக்கறேன்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.